மலைக்கு வந்த அலையும் மலை அனுப்பிய அலையும்



கேமரன் மலையின் வடபகுதியில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் திரிங்காப். இங்கும் இதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் முழுப் படத்தையும் தடங்கலில்லாமல் பார்க்கிறோம். பள்ளி ஆண்டுவிழாவில் என் மகள் மேடையில் பேசுவதை ஜொகூரில் இருக்கும் அவள் பாட்டிக்கு நேரலையாகக் காட்ட நினைத்தால் மட்டும் ஏன் சார் படம் அப்படியே நின்றுவிடுகிறது?"

எளிய கேள்விபோல் தோன்றினாலும் இதற்கு விடைகூற ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக்கால வரலாற்றைப் புரட்டவேண்டியிருக்கிறது. சுருங்கச் சொன்னால், அலை இம்மலைக்கு வந்து சேர்ந்தது ஒரு கதை. இம்மலையிலிருந்து அலை வெளியே சென்றது முற்றிலும் வேறு கதை. முதற்கதை நம் பாட்டன்மார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. இரண்டாவது கதை நம் கண்முன்னேதான் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. பல கைப்பேசி இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு நேரலையை அனுப்பும் நுட்பம் அவ்விரண்டாம் கதையில் வருகிறது. அதனை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1885 ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் இம்மலைப்பகுதியை ஆய்ந்து குறிப்பெழுதினார். மலை அவர் பெயரைப் பெற்றது. 1929 இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடழித்துக் கொழுந்து பறிக்க நம் முன்னோர் வந்தனர். பிரிஞ்சாங் அருகே சுங்கை பாலாஸ், கம்போங் ராஜா அருகே புளூவேலி எனத் தேயிலைப் பசுமை பரவியது. அந்நாளில் ஊரிலிருந்து செய்தி வருவதென்றால் கடிதம்; கெட்ட செய்தி என்றால் தந்தி. தொலைபேசி துரையின் அலுவலகத்தில் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவர்க்கு அது காட்சிப்பொருள் மட்டுமே.

ஒலியலை முதலில் வந்தது. 1946 இல் மலாயா வானொலி தன் சேவையைத் தொடங்கியது. தமிழும் அதில் ஒலித்தது. 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்கென்று பொது வானொலிப் பெட்டிகளை அரசு வழங்கியது. திரிங்காப்பும் அத்தகைய புதுக்கிராமங்களுள் ஒன்றாகும். அப்பெட்டிகள் வழங்கப்பட்டதன் நோக்கம் நமக்குப் பாட்டுக் கேட்கும் வாய்ப்பைத் தருவது மட்டுமன்று. கம்யூனிஸ்டுகளின் பரப்புரைக்கு எதிராக அரசின் சொல் மக்களின் காதில் விழவேண்டும் என்பதே முதன்மை நோக்கம். மக்கள் கேட்டார்கள், கேட்பதற்கு மட்டுமே அப்பெட்டியில் வழியிருந்தது.

பின்னர் ஒளியலை வந்தது. 1963 டிசம்பர் 28 ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. மலைகள் குறுக்கிட்டால் தொலைக்காட்சி அலை மறைந்துவிடும் என்பதால், உயர்ந்த சிகரங்களில் அஞ்சல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஏறத்தாழ 2,030 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையுச்சிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்றோர் அங்குள்ள கோபுரங்களைக் கண்டிருப்பீர்கள். அங்கே நின்று கீழே பார்க்கும்போது ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்: மலைக்கு மேலே கோபுரம் இருப்பதால் மலைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்குகள் அனைத்துக்கும் அலை சென்றுவிடாது. முகடு ஒன்று இடையில் நின்றால் போதும்.

1996 இல் மீசாட்-1 துணைக்கோளம் விண்ணில் ஏவப்பட்டது. அவ்வாண்டே ஆஸ்ட்ரோ தன் சேவையைத் தொடங்கியது. வானிலிருந்து வரும் அலைக்கு முகடு பொருட்டன்று. ஆதலால் லயத்துக் கூரைகளிலும் கிண்ணம் முளைத்தது. வானவில் அலைவரிசையில் தமிழ்நாட்டுத் தொடர்கள் ஓடின. பத்துமலைத் தைப்பூசம் நேரலையாக வந்தது. மழை வலுத்தால் படம் மறையும். மழையோ கேமரன் மலையில் பஞ்சமில்லாத பொருள். இருப்பினும் ஐம்பதாண்டுகளாக மலைக்கு எட்டாதிருந்தவை பலவும் ஓராண்டில் வந்து சேர்ந்தன எனலாம்.

இதுவரை சொன்னவை அனைத்தும் வாங்கியவை. கொடுத்தது எது? பத்துமலையைத் திரிங்காப் பார்த்தது. திரிங்காப்பின் கோயில் திருவிழாவைப் பத்துமலை பார்க்கவில்லை. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. படத்தை வாங்குவதற்கு ஒரு பெட்டி போதும். அனுப்புவதற்கு ஓர் அரசு வேண்டும் அல்லது ஒரு பெருநிறுவனம் வேண்டும். அந்நிலை எவ்வாறு உருவானது என்பதைக் காண்பதற்கு நாம் சற்றுநேரம் மலையைவிட்டு இறங்கி இலண்டன்வரை செல்லவேண்டும்.

1937 மே 12 ஆம் நாள், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பி.பி.சி. நிறுவனம் நேரலையாக ஒளிபரப்பியது. நிலையத்திற்கு வெளியே நிகழ்ந்த பெருநிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் உடனுக்குடன் காட்டிய தொடக்கமாக அது கருதப்படுகிறது. ஹைட் பார்க் முனையில் வைத்த படக்கருவிகளின் காட்சி, நகருக்குள் தனியே பதிக்கப்பட்ட வடத்தின் வழியாக அலெக்சாந்திரா மாளிகையிலிருந்த நிலையத்தை அடைந்தது. ஒரு படத்தை நகருக்குள் சில கல் தொலைவு அனுப்புவதற்கு அவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது.

அடுத்து வடத்திற்குப் பதிலாக நுண்ணலை வந்தது. நம் நாட்டில் 1962 இல் கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் நுண்ணலை இணைப்பு ஒன்று தொலைபேசிக்காக இணைத்தது. நுண்ணலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுப்பும் கிண்ணமும் வாங்கும் கிண்ணமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கவேண்டும். 1962 இல் டெல்ஸ்டார் துணைக்கோளம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரலைப் படத்தைக் கொண்டுசென்றபின் அந்நிபந்தனையும் தளர்ந்தது. 1970 இல் மலேசியாவின் முதல் துணைக்கோள நிலையம் நம் பகாங் மாநிலத்துக் குவாந்தானில் செயற்படத் தொடங்கியது. ஆயினும் அத்தகைய நிலையத்தை மலைமேல் தூக்கிவர இயலாது.

பிறகு துணைக்கோள ஊர்திகள் வந்தன. கூரைமேல் கிண்ணம் பொருத்திய அவ்வூர்திகளைத் தேர்தல் காலத்தில் கண்டிருப்பீர்கள். ஊர்தி, அதனை இயக்கும் பொறியாளர், மின்னாக்கி, துணைக்கோளத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் இடம் எனச் செலவு நீளும். தைப்பூசத்திற்கு அவை வரும். அமைச்சர் வந்தால் வரும். மாணவர் எண்ணிக்கை நூற்றைம்பதுக்கும் குறைந்த ஒரு மலைப்பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு எதற்கு வரப்போகின்றன?

இங்கேதான் நம் கதையின் திருப்பம் நிகழ்கிறது. பெரிய வழி ஒன்று கிடைக்காதவன் சிறிய வழிகள் பலவற்றைச் சேர்த்துக்கொண்டால் என்ன?

இவ்வெண்ணம் ஒரு பழைய எண்ணத்தின் தலைகீழ் வடிவமாகும். 1874 இல் தாமஸ் எடிசன் ஒரே தந்திக் கம்பியில் ஒரே நேரத்தில் நான்கு செய்திகளை அனுப்பும் முறையை உருவாக்கினார். கம்பி விலையுயர்ந்தது, ஆகவே ஒரு கம்பியில் பல செய்திகளை ஏற்றினார்கள். நூறாண்டுக்குமேல் சென்றபின் நிலைமை மாறியது. செய்தி பெருத்துவிட்டது, கம்பியோ மெலிந்தே இருந்தது. ஆகவே ஒரு செய்தியைப் பல கம்பிகளில் பிரித்தேற்றத் தொடங்கினார்கள். 1990 ஆம் ஆண்டுகளில் நிகழ்படக் கூட்டங்கள் நடத்திய நிறுவனங்கள், வினாடிக்கு 64 கிலோபிட் செல்லும் இலக்கத் தொலைபேசித் தடங்கள் ஆறினைச் சேர்த்து 384 கிலோபிட் ஆக்கிக்கொண்டன. வீட்டு இணையத்தில் இரண்டு தொலைபேசி இணைப்பையும் இரண்டு மோடங்களையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கான பொதுவிதிமுறை 1994 இல் வெளிவந்து 1996 இல் திருத்தம் பெற்றது. விண்டோஸ் 98 இல் அவ்வசதி இருந்தது. மோடம் கீச்சிடும் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் இதனை நினைவிற்கொள்ளக்கூடும்.

2001 ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தான் போர் மூண்டது. மின்சாரமே இல்லாத இடங்களிலிருந்து செய்தியாளர்கள் நேரலையில் பேசியதை உலகம் கண்டு வியந்தது. படம் மங்கலாகவும் விட்டுவிட்டும் இருந்தது. உதடு ஒருபுறமும் குரல் ஒருபுறமுமாக வந்தது. அவர்கள் பயன்படுத்திய கருவி ஒரு பெட்டிக்குள் அடங்கியது. வினாடிக்கு 64 கிலோபிட் செல்லும் துணைக்கோளத் தொலைபேசிகள் இரண்டினைச் சேர்த்து 128 கிலோபிட் ஆக்கிப் படத்தை அனுப்பினார்கள். ஊர்தியில்லை, பெரிய கிண்ணமில்லை. நேரலை என்பது ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய பொருளாகிவிட்டது என்பதை அந்த மங்கலான படங்களே முதலில் உணர்த்தின.

துணைக்கோளத் தொலைபேசிக்குப் பதிலாகக் கைப்பேசி மோடத்தை வைத்தால் செலவு இன்னும் குறையும். 2006 இல் நிறுவப்பட்ட லைவ்யூ போன்ற நிறுவனங்கள் பல சிம் அட்டைகள் பொருத்திய அனுப்பும் கருவியை முதுகுப்பை ஒன்றில் அடக்கின. 2007 மார்ச்சில் ஜஸ்டின் கான் என்னும் அமெரிக்க இளைஞர் தம் தொப்பியில் படக்கருவியைப் பொருத்திக்கொண்டு தம் வாழ்க்கையை நாள் முழுதும் இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார். பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. ஆயினும் அவர் முதுகிலிருந்த பை வரலாற்றுக்குரியது. அதனுள் ஒரு கணினியும், மின்கலமும், பல கைப்பேசி இணைய அட்டைகளும் இருந்தன. பையைச் செய்தவர் அவருடைய தோழர் கைல் வோக்ட். அத்தளமே பின்னாளில் டுவிட்ச் என்னும் பெருந்தளமாக வளர்ந்து, 2014 இல் அமேசான் நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

தமிழ் மக்களுக்கு இம்மாற்றத்தை உணர்த்திய நாள்கள் 2017 சனவரியில் வந்தன. சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினா கடற்கரையில் இளைஞர்கள் ஒருவார காலம் திரண்டிருந்தார்கள். முகநூல் தன் நேரலை வசதியை அனைவருக்கும் திறந்துவிட்டு ஓராண்டுகூட அப்போது ஆகியிருக்கவில்லை. தொலைக்காட்சிகள் காட்டியது ஒருபுறமிருக்க, கூட்டத்தில் நின்றவர்களே தம் கைப்பேசியைத் தூக்கிப்பிடித்து உலகத் தமிழர்க்குக் காட்டினார்கள். மலேசியாவில் இருந்த நாமும் பார்த்தோம். எது செய்தி, எதனை எவ்வளவு நேரம் காட்டுவது என்று ஒரு நிலையத்தார் முடிவு செய்யும் வழக்கம் அவ்வாரத்தில் நம் கண்முன்னே ஆட்டங்கண்டது.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வாங்கும்போது ஓடும் படம் அனுப்பும்போது ஏன் நிற்கிறது?

அலைக்கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் ஒலிபரப்புகிறது. உங்கள் கைப்பேசி அதற்கு மறுமொழி கூறும்போது அதிக அளவாக 0.2 வாட் ஆற்றலையே பயன்படுத்த இயலும். மின்கலம் சிறிது, உடல்நலம் கருதிய வரம்பும் உண்டு. கோபுரம் ஒலிபெருக்கியில் பேசுகிறது, கைப்பேசி முணுமுணுக்கிறது. கோபுரத்தின் அருகில் இருந்தால் இவ்வேறுபாடு தெரியாது. பள்ளத்தாக்கின் ஓரத்திலோ முகட்டின் மறைவிலோ இருந்தால் கோபுரம் சொல்வது நமக்குக் கேட்கும். நாம் சொல்வது கோபுரத்துக்குக் கேட்காது. அதற்குமேல், மக்கள் அனுப்புவதைவிட வாங்குவதே மிகுதி என்னும் கணக்கில்தான் இணையச் சேவைகள் வடிவமைக்கப்பட்டன. 2001 இல் அறிமுகமான ஸ்திரீமிக்ஸ் இணைப்பிலும் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தின் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது. வானொலிப் பெட்டிக் காலத்து ஏற்பாடு புதிய உருவில் தொடர்ந்தது என்று நான் சொன்னால் பொறியாளர்கள் கோபிக்கக்கூடும்.

ஓரளவு தெளிவான நேரலைப் படத்திற்கு வினாடிக்கு இரண்டரை முதல் மூன்று மெகாபிட் பதிவேற்றம் வேண்டும். ஒரு சிம் அட்டையில் ஒரு மெகாபிட்தான் கிடைக்கிறது, அதுவும் ஏறி இறங்குகிறது என்றால், மூன்று நிறுவனங்களின் மூன்று இணைப்பைச் சேர்ப்பதே வழி. சேர்ப்பது எவ்வாறு என்பதைத் தேயிலைத் தோட்டத்து உவமையால் விளக்கினால் பிள்ளைகளுக்கும் புரிகிறது. பறித்த கொழுந்து முழுவதையும் ஒரே பாதையில் தூக்கிச் செல்ல இயலவில்லை. ஆகவே சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, மூன்று பாதைகளில் ஆட்களை அனுப்புகிறோம். ஒரு பாதை குறுகியது; மற்றொன்று சுற்றுவழி; மூன்றாவதில் சேறு. மூட்டைகள் வரிசை மாறித்தான் ஆலைக்கு வந்துசேரும். ஆலை வாயிலில் நிற்பவர் சற்றுநேரம் பொறுத்திருந்து, எண்களைப் பார்த்து, வரிசையாக அடுக்கி உள்ளே அனுப்புகிறார். ஒரு மூட்டை வழியில் விழுந்துவிட்டால் அதன் எண்ணைச் சொல்லி மறுபடி கேட்கிறார். ஒரு பாதை அடைபட்டால் அடுத்த மூட்டை மற்றைய பாதைகளில் செல்கிறது.

இதில் மூட்டை என்பது தரவுப் பொதி. பாதை என்பது மோடம். வாயிலில் நிற்பவர் என்பது நகரத்தில் நல்ல இணைப்போடு இருக்கும் ஒரு வழங்கிக் கணினி. அவ்வழங்கி பொதிகளை வரிசைப்படுத்தி முழுப்படமாக்கி யூடியூபுக்கோ முகநூலுக்கோ அனுப்புகிறது. இப்படி ஒருவர் மறுமுனையில் இல்லாமல் சேர்ப்பு நடவாது. கடைகளில் இரண்டு இணைய இணைப்பைச் செருகக்கூடிய திசைவிகள் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சுமையைப் பகிர்பவை மட்டுமே. ஒரு கணினியை ஒரு வழியிலும் மற்றொரு கணினியை மற்றொரு வழியிலும் அவை அனுப்பும். ஒரே நேரலையை இரண்டு வழியில் பிரித்து அனுப்பமாட்டா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணத்தைச் செலவிடுமுன் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் வேண்டும்.

ஒருகாலத்தில் தொலைக்காட்சி நிறுவனங்களே வாங்கக்கூடிய விலையிலிருந்த இந்நுட்பம் இப்போது ஆசிரியர் ஒருவரின் மடிக்கணினியிலேயே இயங்குகிறது. ஸ்பீடிஃபை போன்ற மென்பொருள்கள் கட்டணத்திற்குக் கிடைக்கின்றன. அவற்றின் நிறுவனமே மறுமுனை வழங்கியையும் தருகிறது. ஓப்பன்எம்பிடிசிபிரௌட்டர், பெலாபாக்ஸ் முதலியன திறந்தமூலத் திட்டங்கள். கணினி அறிந்த இளைஞர் ஒருவர் துணையிருந்தால் அமைத்துக்கொள்ளலாம். ஒரு மடிக்கணினி, மூன்று 4ஜி மோடங்கள், ஒரு படக்கருவி, இவற்றோடு மேசையொன்றும் இருந்தால் திரிங்காப்பிலும் ஒளிபரப்பு நிலையம் உண்டு.

ஆனால் மூன்று சிம் அட்டைகள் மூன்று பாதைகளாக இருக்கவேண்டுமே. இங்கே நம் நாட்டுக் கைப்பேசி வரலாற்றைச் சற்று அறிந்திருத்தல் பயன்தரும்.

1985 இல் ஆத்தூர் 450 என்னும் சேவையோடு மலேசியாவில் கைப்பேசி தொடங்கியது. 2005 இல் 3ஜி வணிகச் சேவை வந்தது. 2013 இல் மேக்சிஸ் நிறுவனம் 4ஜி சேவையைத் தொடங்கியது. நகரங்கள் முன்னே சென்றன. மலைகள் பின்னே நின்றன. 2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அவ்வேறுபாடு ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பறைக்குள்ளும் வந்து அமர்ந்தது. சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதியில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஓர் இரவைக் கழித்த செய்தியை அவ்வாண்டு நாடே பேசியது. 2021 பிப்ரவரியில் கல்வியமைச்சு டிடிக் டிவி என்னும் கல்வி அலைவரிசையைத் தொடங்கியது. நற்பணிதான், எனினும் அதுவும் பிள்ளைகள் பார்ப்பதற்கான பெட்டியே. இல்லிருப்புக் கற்றலில் ஆசிரியர் முகத்தைப் பிள்ளை கண்டது. பிள்ளையின் முகம் ஆசிரியருக்குத் தெரியவில்லை. "சார், என் குரல் கேட்கிறதா?" என்னும் கேள்வி பாதியில் அறுந்துபோன நாள்களை நம்மில் எவர் மறப்பார்? இணையவழிப் பேச்சுப்போட்டிகளில் மலைப்பிள்ளையின் திறமையோடு அவர்தம் பள்ளத்தாக்கின் பதிவேற்ற வேகமும் சேர்ந்தே அளக்கப்பட்டது.

2020 ஆகஸ்டில் அரசு ஜெண்டேலா என்னும் தேசிய இணைப்புத் திட்டத்தை அறிவித்தது. அப்பெயர் ஒரு சுருக்கம். சொல்லாகப் படித்தால் மலாய்மொழியில் சாளரம் என்று பொருள்படும். மலாயின் ஜெண்டேலாவும் நம் பேச்சுவழக்கு ஜன்னலும் போர்த்துக்கீசியச் சொல் ஒன்றிலிருந்து வந்த உடன்பிறப்புகள் என்பது மொழியாசிரியர்களுக்குச் சுவை தரும் செய்தி. புதிய கோபுரங்கள் எழுந்தன. 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆகவே பள்ளிப் பேழையில் கிடக்கும் பழைய 3ஜி மோடங்களைச் சேர்த்து நேரலை செய்யலாம் என்னும் எண்ணம் வேண்டா. அவற்றுக்கு மறுமொழி சொல்லக் கோபுரமில்லை.

2022 நவம்பர் 30 ஆம் நாள் செல்கோமும் டிஜியும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அதுவரை இரண்டு பாதையாக இருந்தவை அவற்றின் வலையமைப்புகள் சேரச்சேர ஒரு பாதையாயின. டியூன் டாக், ரெட்ஒன் போன்றவை பெயரால் வேறு; ஆனால் தமக்கெனக் கோபுரமின்றிப் பிறர் கோபுரத்தில் செல்பவை. செல்கோம்டிஜி அட்டை ஒன்றும் ரெட்ஒன் அட்டை ஒன்றும் வைத்துக்கொண்டால் கையில் இரண்டு அட்டைகள் இருக்கும். வானில் ஒரு வழிதான் இருக்கும். 5ஜியின் கதை இன்னும் வேடிக்கையானது. 2021 டிசம்பரில் அது தொடங்கியபோது நாடு முழுமைக்கும் ஒரே நிறுவனம் வலையமைப்பை அமைத்து மற்றைய நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது. எந்த நிறுவனத்தின் 5ஜி அட்டையை வாங்கினாலும் சென்று சேர்ந்தது ஒரே கோபுரத்தில்தான். இரண்டாம் 5ஜி வலையமைப்பை அமைக்க யூ மொபைல் தெரிவுசெய்யப்பட்டது 2024 நவம்பரில். ஆதலால் மலைப்பகுதியில் சேர்ப்பு நேரலை செய்ய விரும்புவோர், சொந்த 4ஜி வலையமைப்புள்ள வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளை நாடுவதே அறிவுடைமை. அவ்வாறு தெரிந்தெடுத்தாலும், சிற்றூர்களில் ஒரே கோபுரத்தில் பல நிறுவனங்கள் குடியிருப்பதுண்டு. அக்கோபுரத்துக்கு மின்சாரம் நின்றாலோ, சாலையோரம் செல்லும் கண்ணாடியிழை வடத்தை மண்சரிவு அறுத்தாலோ எல்லாம் ஒருசேர நின்றுவிடும். மண்சரிவைப்பற்றிக் கேமரன் மலை மக்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

2023 சூலையில் ஸ்டார்லிங்க் துணைக்கோள இணையம் மலேசியாவுக்கு வந்தது. அதன் கிண்ணம் ஆஸ்ட்ரோ கிண்ணத்தைப்போல் வாங்குவதோடு நில்லாமல் அனுப்பவும் வல்லது. வசதியுள்ள பள்ளிகள் அதனையும் ஒரு பாதையாகச் சேர்த்துக்கொள்ளலாம். முகட்டுக்கு அஞ்சவேண்டா, திறந்த வானம் இருந்தால் போதும்.

நேரலை வேண்டுமா என்று கேட்கும் ஆசிரியர்களும் உள்ளனர். பதிவுசெய்து மறுநாள் ஏற்றினால் ஆகாதா என்பது அவர்கள் வாதம். பாடத்திற்கு ஆகும். ஆண்டுவிழாவுக்கு ஆகாது என்பது என் எண்ணம். தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் காய்கறித் தோட்டங்களுக்கும், ஈப்போவுக்கும், கோலாலம்பூருக்கும், சிங்கப்பூருக்கும் சிதறிவிட்டன. மலைப்பள்ளிகளில் மாணவர் குறைந்து வருகின்றனர். அப்பள்ளிகளில் படித்துச் சென்றவர்கள் எங்கெங்கோ இருக்கின்றனர். தம் பழைய பள்ளியின் மேடையை அவர்கள் அதே நேரத்தில் காண்பதற்கும், முடிந்தபின் ஒரு பதிவாகக் காண்பதற்கும் வேறுபாடு உண்டு. நேரத்தில் காண்பவர் அவையில் ஒருவராகிறார். பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

செய்ய விழைவோர்க்குச் சில சொற்கள். விழா நடக்கும் இடத்திலேயே, விழா நடக்கும் நேரத்திலேயே, ஒரு வாரம் முன்னதாக ஒவ்வோர் அட்டையின் பதிவேற்ற வேகத்தையும் தனித்தனியே அளந்து எழுதிவையுங்கள். வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் மலையேறியபின் அதே கோபுரம் வேறு முகம் காட்டும். மோடங்களை மண்டபத்துக்குள் வைக்காமல் நீண்ட வடத்தில் சன்னலுக்கு வெளியே, கோபுரம் உள்ள திசையில், மழை படாமல் வைத்தால் பெரும் வேறுபாடு தெரியும். வினாடிக்கு மூன்று மெகாபிட் என்றால் இரண்டு மணிநேர விழாவுக்கு ஏறக்குறைய 2.7 கிகாபைட் தரவு செல்லும். அட்டைகளில் அதற்கு இடமிருக்கிறதா எனப் பாருங்கள். எல்லாப் பெற்றோரிடமும் முன்கூட்டியே எழுத்துவழி இசைவு பெறுங்கள். நேரலையில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பிறகு நீக்கிவிடலாம் என்பதற்கு இடமில்லை.

இன்னொன்று. மோடங்களிலிருந்து வரும் பொதிகளை வரிசைப்படுத்த வழங்கி சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். யூடியூபும் முகநூலும் தம் பங்குக்கு மேலும் சில வினாடிகள் சேர்க்கும். மேடையில் பிள்ளை பேசி முடிப்பதற்கும் ஜொகூரில் பாட்டி அதனைக் காண்பதற்கும் இடையே பத்து முதல் முப்பது வினாடிகள் கழியும். பாட்டி தட்டச்சுச் செய்ய இன்னும் சிறிது நேரம் வேண்டும். ஆகவே அறிவிப்பாளராக நிற்கும் ஆசிரியர் பிள்ளையை உடனே இறக்கிவிடாமல், ஒரு நிமிடம் மேடையிலேயே நிறுத்தி, திரையில் வரும் வாழ்த்தைப் படித்துக்காட்டியபின் அடுத்தவரை அழைக்கவேண்டும்.